தொழில்தடத்தின் சுருதி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் நோக்கி நீளும் தொழில்தடத்தைப் பற்றிய எழுத்துகள் முதலீடு, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு ஆகிய கணக்குகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா கைபேசி ஆலை இயங்கத் தொடங்கியதும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும் 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் அடுத்தடுத்து எழுந்ததும் பலரும் அறிந்த வரலாறு. ஏரிப்பாசன ஊர்களின் நடுவே இந்த ஆலைகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஓசையையும் கொண்டுவந்து சேர்த்தன என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஓர் இடத்தில் காதுக்கு எட்டும் எல்லா ஒலிகளின் தொகுப்பை ஒலிச்சூழல் என்று ஒலியியலார் குறிப்பிடுகின்றனர். அந்த ஒலிகளைப் பதிவு செய்து, கணினி மென்பொருளில் நறுக்கி, நீட்டி, அடுக்கி, கேட்பவரை மீண்டும் ஓர் இடத்துக்குள் நிறுத்துகிற மின்னணு ஒலிச்சூழலாக ஆக்கும் முறை இன்று இசைக்கும் பொறியியலுக்கும் பொதுவான ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. அதன் இயக்கத்தை விளக்குவதற்கு இந்தத் தொழில்தடத்தைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அரிது. ஏனெனில் திரும்பத்திரும்ப நிகழும் ஓசைகளும், நாள் முழுவதும் இடைவிடாமல் ஒலிக்கும் முனகல்களும், அவற்றின் இடுக்குகளில் பிழைத்திருக்கும் பறவைக் குரல்களும் இங்கே ஒரே மைக்கில் விழுகின்றன.

ஆலை ஓசையை இசையின் மூலப்பொருளாகக் கொள்வது புதிய எண்ணம் அன்று. 1922இல் பாகு நகரத்தில் அர்செனி அவ்ராமோவ் ஆலைச் சங்குகளையும் கப்பல் ஊதல்களையும் கொண்டு நகரையே வாத்தியமாக்கி ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். பதிவான ஓசையை வெட்டி ஒட்டி இசையாக்கும் முறைக்கு 1948இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் வழி திறந்தார். பத்தினோல் ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின் ஓசைகளை இசைத்தட்டுகளில் பொதிந்து, தட்டின் ஒரே வரிப்பள்ளத்தில் முள் மீண்டும் மீண்டும் சுழலுமாறு செய்து அவர் ஆக்கிய சிறு படைப்பே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆலையோடு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இத்தாலியினுடையது. ஜெனோவா நகரை அடுத்த கோர்னிலியானோவில் இருந்த இத்தால்சிதர் உருக்காலைக்குள் பதிவு செய்த ஊதுலை ஓசைகளையும் தொழிலாளர் பேச்சையும், மிலான் வானொலியின் மின்னணு ஒலிக்கூடத்தில் உருமாற்றி, ஒரு பெண் குரலுடன் இணைத்து, லூயிஜி நோனோ 1964இல் ஒரு படைப்பை உருவாக்கி அதை அந்த ஆலையின் தொழிலாளர்களுக்கே காணிக்கையாக்கினார். ஓசையின் அழகோடு, அந்த ஓசைக்குள் எட்டு மணி நேரம் நிற்கும் உடலின் நிலையையும் கேட்கச் செய்ததே அப்படைப்பின் தனித்தன்மை.

இந்தியாவில் இத்துறை கால்கொண்ட இடம் அகமதாபாத். அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரையும் நாடாப் பதிவுக் கருவிகளையும் கொண்டு ஒலிக்கூடம் ஒன்றை அமைக்க, கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே மின்னணு ஒலிப்படைப்புகளை உருவாக்கினர். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் உறங்கிக் கிடந்து, பால் பர்காஸ் என்னும் கலைஞரின் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளியாயின. தமிழ்நாட்டில் மின்னணு ஒலி திரையிசை வழியே நுழைந்தது. 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினி வழித் தொடரமைப்பைப் பயன்படுத்தியது இங்கு ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. ஆயினும் அங்கே கணினி வாத்தியத்தின் இடத்தைப் பிடித்ததே ஒழிய, ஓர் ஊரின் ஓசை இசையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

ஒலிச்சூழல் ஆக்கத்தின் முதல் வேலை பதிவு. காற்றின் வழியே வரும் ஒலியைப் பிடிக்கும் சாதாரண மைக் இந்தத் தடத்தில் முதலில் சந்திக்கும் எதிரி காற்றே. சமவெளியில் தடையின்றி வீசும் காற்று மைக்கின் மெல்லிய சவ்வை நேரடியாக அழுத்துவதால் எழும் படபடப்பு எல்லா ஒலிகளையும் விழுங்கிவிடும் என்பதால், செயற்கை ரோமம் போர்த்திய உறை இல்லாமல் திறந்தவெளிப் பதிவு இயலாது. அடுத்த சிக்கல் திடீர் ஓசை. தகட்டை அழுத்திக் கார்க் கதவாக்கும் பிரஸ் ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணிகிறது. பதிவுக் கருவியின் எல்லையை அந்த உச்சம் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது. ஆகவே அனுபவமுள்ளோர் உச்ச ஒலியும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை அமைத்துக்கொள்கின்றனர்.

காற்றில் பரவாமல் திடப்பொருளுக்குள்ளேயே ஓடும் அதிர்வுகளைப் பிடிப்பதற்குத் தொடுமைக் என்னும் எளிய கருவி உண்டு. பித்தளைத் தகட்டின் மீது பீங்கான் போன்ற வெண்ணிறப் படிகப் பொருள் ஒட்டிய வட்டமான சில்லு அது. அழுத்தம் பட்டால் அப்படிகத்தில் மின்னழுத்தம் தோன்றுகிறது. பஸ்ஸரில் ஓசை எழுப்பும் இந்தச் சில்லு சென்னை ரிச்சி தெருவில் மிக மலிவாகக் கிடைக்கிறது. இதை மேம்பாலத்தின் இரும்புக் கைப்பிடியிலோ, சிப்காட் வளாகத்தின் கம்பி வேலியிலோ, நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் லாரியின் தொட்டியிலோ இறுக்கிப் பிடித்தால் காது ஒருபோதும் கேட்டிராத உலகம் திறக்கும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைக் காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கடந்தால், கம்பியின் பின்புறம் மாறிமாறிச் சுழல்கள் கழன்று அது ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 330 முறை அதிரும். ஆனால் இச்சில்லை நேரடியாகக் கணினியின் மைக் துளையில் செருகுவோருக்குத் தகரத்தைச் சுரண்டும் கிறீச்சொலியே கிடைக்கும். சில்லின் மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட் என்று கொண்டால், 10,000 ஓம் மின்தடையுள்ள உள்ளீட்டில் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியெல்லாம் தேய்ந்துவிடுகிறது. 10 லட்சம் ஓம் உள்ளீடு கொண்ட கிட்டார் பெருக்கியின் வழியே செலுத்தினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, இரும்பின் அடிவயிற்று முழக்கம் முழுவதும் வந்து சேர்கிறது.

பதிவான மின் அலை கணினிக்குள் எண்களாக நுழைகிறது. நொடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்வதே மாதிரியெடுத்தல் எனப்படுவது. ஓர் அலையைப் பிசகின்றி மீட்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இலும் கிளாட் ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகளோடு இணைத்துச் சொல்லப்படும் விதி. மனிதச் செவியின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் ஆதலால் 48,000 போதுமானது. ஒவ்வோர் அளவையும் 24 இருமக் குறிகளில் எழுதினால் உயரத்தை 1,67,77,216 படிகளாகப் பகுத்தறியலாம். செவிக்கு இவை போதும் என்றாலும், செவிக்கு அப்பாலும் ஆலையில் ஒலி உண்டு. அழுத்தக் காற்றுக் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் அது 40,000 ஹெர்ட்ஸை ஒட்டிச் சீறுகிறது. ஆலைப் பராமரிப்புப் பிரிவினர் தனிக் கருவி கொண்டு தேடுவது இந்தச் சீறலைத்தான். மீயொலியை உணரும் மைக்கில் நொடிக்கு 1,92,000 மாதிரிகளாக அதைப் பதிந்து, எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால், அது 5,000 ஹெர்ட்ஸ் ஒலியாக இறங்கிக் காதுக்குள் வந்துவிடும்.

பதிவை மென்பொருளில் திறந்தவுடன் செய்யத்தக்கது அதன் நிறமாலை வரைபடத்தைப் பார்ப்பது. நேரம் இடமிருந்து வலமாகவும், அதிர்வெண் கீழிருந்து மேலாகவும், வலிமை நிறத்தாலும் காட்டப்படும் இப்படத்தை, 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் கணக்கீடு சாதாரண மடிக்கணினியிலும் நொடியில் வரைந்து தருகிறது. தொழில்தடத்தில் எடுக்கும் எந்தப் பதிவிலும் இப்படத்தின் அடிப்பகுதியில் அசையாத கிடைக்கோடு ஒன்று 100 ஹெர்ட்ஸில் ஓடும். இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் காந்த விசையால் நுண்ணளவு நீண்டு சுருங்கி எழுப்பும் முனகல் அது. அதன் மேற்சுரங்கள் 200, 300, 400 ஹெர்ட்ஸ் என அடுக்கடுக்காக நிற்கும். கர்நாடக இசையில் பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் 200 அதைவிட அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தூக்கலாக இருக்கிறது. துணைமின் நிலையத்தின் அருகே வாழ்பவர் அனைவரும், கேட்கிறோம் என்ற உணர்வே இல்லாமல், இரவும் பகலும் இந்தச் சுருதிக்குள் வாழ்கின்றனர். மரே ஷேஃபர் என்னும் கனடிய இசைஞர் இத்தகைய பின்னணி ஒலியை ஒலிச்சூழலின் ஆதாரச் சுரம் என்று கருதினார். நடைமுறையிலோ மென்பொருளைத் தொட்டவுடன் பலர் முதலில் செய்யும் காரியம், சுத்தப்படுத்துவதாக எண்ணி இந்த முனகலை வடிகட்டி எறிவதுதான்.

இதே படம் வேறொன்றையும் காட்டும். ஏரிக்கரைப் பதிவுகளில் லாரிகளின் இரைச்சல் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடர்ந்து கிடக்க, ஆள்காட்டிக் குருவியின் கூர்மையான கூவல் அதற்கு மேலே கிடைத்த வெளியில் தனித்துத் தெரியும். இரைச்சல் மிகுந்த நகர்ப்பகுதிகளில் சில பறவைகள் தாழ்ந்த சுரங்களைக் கைவிட்டு உயர்ந்த சுரங்களில் பாடுகின்றன என்று நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக் குருவி இனமொன்றை ஆராய்ந்தவர்கள் 2003இல் கண்டறிந்தனர்.

ஆலை ஓசையில் இசைஞருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கொடை அதன் சீர்மை. லயமும் சுரமும் வெவ்வேறு பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் வேகவேறுபாடே என்பதை ஒரகடத்தில் உருவாகும் மோட்டார் சைக்கிளே விளக்கிவிடும். ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்று என நிதானமாக இயங்கும்போது நொடிக்கு எட்டு வெடிப்புகள் மட்டுமே நிகழ்வதால் காது அவற்றைத் தனித்தனியே 'டப் டப்' என்று எண்ணிக் கேட்கிறது. 3,000 சுற்றை எட்டும்போது வெடிப்புகள் நொடிக்கு 25 ஆகிவிட, செவியால் எண்ண முடியாமல் அவை ஒன்றோடொன்று உருகி ஒரு தாழ்ந்த சுரமாகின்றன. ஏறத்தாழ நொடிக்கு இருபது என்பதே லயம் சுரமாக மாறும் எல்லை. இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் அந்த 'தடதடப்பு' உண்மையில் இந்த எல்லையின் இருபுறமும் ஊசலாடுவதால் பிறக்கும் இன்பம்.

இந்த எல்லையை மென்பொருள் எவ்வளவு தொலைவுக்கும் நகர்த்தும். பெரிய பிரஸ் ஒன்று நான்கு நொடிக்கு ஓர் அடி வீதம், நிமிடத்துக்குப் பதினைந்து அடி அடிக்கிறது என்று கொள்வோம். ஒரு ஷிப்டு முழுவதும், அதாவது 28,800 நொடிகள் பதிவு செய்து, ஒலியின் வலிமை ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் நொடிக்கு 48 அளவுகளாகப் பிரித்தெடுத்து, அந்த அளவுகளையே நொடிக்கு 48,000 வீதம் ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், காலம் ஆயிரம் மடங்கு சுருங்குகிறது. எட்டு மணி நேர வேலை 28.8 நொடியாகும், பிரஸ்ஸின் அடி 250 ஹெர்ட்ஸ் சுரமாகும், அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை 1.8 நொடி மௌனமாகக் கேட்கும்; அச்சு மாற்றுவதற்காக லைன் நின்ற கணங்கள் சுரத்தில் விழுந்த சிறு வெட்டுகளாகவும், மனிதக் கை தாமதித்த இடங்கள் சுரத்தின் மெல்லிய நடுக்கமாகவும் வெளிப்படும். தானியங்கி இயந்திரம் மட்டுமே இயக்கும் லைன் நடுங்காத சுரத்தைத் தரும். இவ்வளவு எளிய கணக்கு ஓர் ஆலையின் நாளைப் பற்றி இவ்வளவு சொல்வது வியப்புக்குரியதே. உற்பத்தி அறிக்கையின் அட்டவணையில் ஒளிந்திருக்கும் செய்தி இங்கே காதில் விழுகிறது.

எதிர்த்திசையில் நகர்த்துவதற்குத் துகள்முறை பயன்படுகிறது. ஒளிப்படவியலில் முப்பரிமாண ஹோலோகிராபிக்காக 1971இல் நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் கேபர், 1946இலும் 1947இலும் வெளியிட்ட கட்டுரைகளில், எந்த ஒலியையும் மிகச் சிறிய ஒலித்துகள்களின் கூட்டாகக் கருதலாம் என்று காட்டினார். இயானிஸ் செனாகிஸ் அதை இசைக்குள் கொணர்ந்தார்; எரியும் கரியின் வெடிப்பொலிகளை அடுக்கி 1958இல் அவர் ஆக்கிய சிறு படைப்பு இன்றும் கேட்கத்தக்கது. கனடாவின் பேரி டுருவாக்ஸ் 1986இல் கணினி நிகழ்நேரத்திலேயே துகள்களைத் தூவுமாறு செய்தார். இம்முறையில் பதிவொலி ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் ஓரங்களும் மென்மையாகத் தேய்க்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பரப்பப்படுகிறது. துண்டுகளைப் படிக்கும் இடத்தை மெதுவாக நகர்த்தினால், சுரம் இறங்காமலே ஒலி நீளும். ஒரு நொடி வெல்டிங் பொறியோசையை ஐந்து நிமிட மழையாக விரிக்கலாம்.

இங்கேதான் இத்துறையின் பெரிய விபத்தும் காத்திருக்கிறது. பெயரில் ஏறத்தாழ ஒத்திருந்தும், பியேர் ஷேஃபரும் மரே ஷேஃபரும் இவ்விடத்தில் நேரெதிர்த் திசைகளில் நின்றனர். ஒலியை எழுப்பிய பொருளை மறந்துவிட்டு ஒலியின் உருவத்தை மட்டும் கேட்க வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரரின் கொள்கை. இடத்தை மறந்தால் ஒலிக்குப் பொருளே இல்லை என்பது கனடியரின் கொள்கை. இன்றைய மென்பொருள்கள், எவரும் முடிவெடுக்காமலே, முன்னவர் பக்கம் சாய்ந்துவிட்டன. துகள்முறையில் போட்டுப் போதிய அளவு நீட்டினால் ஒரகடத்து பிரஸ்ஸும் ஒசாகாவின் ரயிலும் அண்டார்டிகாவின் பனியும் ஒரே மாதிரியான இனிய புகைமூட்டமாக வெளிவருகின்றன. இணையத்தில் குவிந்து கிடக்கும் பின்னணி இசைக்கோப்புகளில் பெரும்பாலானவை இந்தப் புகைமூட்டமே. ஒலி எந்த அளவுக்கு உருமாறினாலும் அதன் பிறப்பிடம் ஓரிடத்திலேனும் செவிக்குப் பிடிபட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட படைப்புகளே நிலைத்து நிற்கின்றன. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் வாழும் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1990களில் டெல்லியின் தெருவோசைகளைக் கொண்டு ஆக்கிய படைப்பு இதற்கு நல்ல சான்று. அங்கே கூவி விற்பவரின் குரல் உருமாறிக்கொண்டே போனாலும் அது ஒரு மனிதரின் குரல் என்பது கடைசி வரை மறைவதில்லை.

நறுக்கிய ஒலிகளை மீண்டும் ஓர் இடத்துக்குள் வைப்பது அடுத்த கட்டம். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரமுள்ள காலியான ஆலைக் கொட்டகையின் கொள்ளளவு 50,000 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் சேர்ந்த பரப்பு 13,000 சதுர மீட்டர். அப்பரப்பு ஒலியில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும் என்று கொண்டால், வாலஸ் சபைன் வகுத்த சூத்திரப்படி அங்கே தட்டிய கையோசை முற்றிலும் அடங்க ஆறு நொடிக்கு மேல் ஆகும். இந்த எதிர்முழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவர, கொட்டகையில் ஒரு பலூனை உடைத்தோ, தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம் வரை வழுக்கிச் செல்லும் ஒலியை ஒலிக்கச் செய்தோ அந்த இடம் தரும் விடையைப் பதிவு செய்துகொள்கின்றனர். பிறகு எந்த ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் அந்த விடையின் ஒவ்வொரு மாதிரியோடும் பெருக்கிக் கூட்டினால், அவ்வொலி அக்கொட்டகைக்குள் எழுந்ததுபோலவே கேட்கும். ஒரு நொடி ஒலிக்கு, ஆறு நொடி எதிர்முழக்கத்துடன், 1,382 கோடி பெருக்கல்கள் தேவைப்படும் வேலை இது. ஃபூரியர் வழியாகச் சுற்றிச் சென்று மென்பொருள் அதை மிகச் சிறிய பங்காகக் குறைத்துவிடுகிறது. இதனால் இடிக்கப்படவிருக்கும் ஒரு கட்டடத்தின் ஒலிக்குணத்தையும் ஒரு கோப்பில் காப்பாற்றிவைக்க முடியும்.

நகரும் ஒலிக்கு இன்னும் ஒரு கணக்கு. கம்பெனி பஸ் ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஹாரன் அடித்தபடி கடந்து சென்றால், நெருங்கும்போது அலைகள் நெருக்கப்பட்டும் விலகும்போது தளர்ந்தும் வருவதால், சாலையோரத்தில் நிற்பவருக்கு அதன் சுரம் ஏறத்தாழ ஒரு முழுச்சுரம் இறங்கிக் கேட்கும். சதுச்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அளவு அது. மென்பொருளில் அசையாத ஹாரனை இடமிருந்து வலமாக நகர்த்துவோர் இந்தச் சரிவைச் சேர்க்க மறந்தால், ஒலிபெருக்கிதான் நகர்கிறதே தவிர பஸ் நகர்வதில்லை.

இதுவரை கலைஞரின் மேசையில் இருந்த இந்த நுட்பம் இப்போது ஆலைக்குள்ளேயே ஒரு பொறியியல் பணியாக நுழைந்துவிட்டது. மின்சாரக் கார் குறைந்த வேகத்தில் ஏறத்தாழ ஓசையின்றி நகர்வதால், நடந்து செல்வோரும் குறிப்பாகப் பார்வையற்றோரும் அதன் வருகையை உணர முடிவதில்லை. ஆகவே காரே செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவி வருகிறது. ஐக்கிய நாடுகளின் 138ஆம் ஒழுங்குமுறைப்படி, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபலும் 20 கிலோமீட்டரில் 56 டெசிபலும் ஓசை எழ வேண்டும்; 75 டெசிபலைத் தாண்டக் கூடாது; வேகம் ஒரு கிலோமீட்டர் கூடும்தோறும் சுரம் சராசரியாக 0.8 விழுக்காடேனும் உயர வேண்டும். 5 கிலோமீட்டரிலிருந்து 20 வரை கணக்கிட்டால் இந்த உயர்வு 12 விழுக்காடு, அதாவது மீண்டும் அதே ஒரு முழுச்சுரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். இந்தியாவிலும் 2026 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும் 2027 அக்டோபர் முதல் விற்பனையில் உள்ள மாடல்களுக்கும் இதைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் மின்சார கிரெட்டா கார் 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், இந்தத் தடத்துக்கு இது வெளிநாட்டுச் செய்தி அன்று.

இவ்வோசையை ஆக்கும் முறை மேலே சொன்னவற்றின் சுருக்கமே. பதிவொலியிலிருந்தோ கணித அலையிலிருந்தோ பிறந்த சிறு ஒலித்துண்டு ஒன்று, முனையும் தொடக்கமும் தெரியாமல் சுழலுமாறு ஓரங்கள் தேய்க்கப்பட்டுக் காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. சக்கர வேகத்தைப் பெட்டி படித்துத் துண்டின் ஓட்டத்தை ஏற்றி இறக்க, முன் பம்பரின் பின்னால் உள்ள ஒலிபெருக்கி அதை வெளியிடுகிறது. விதி அளவைத்தான் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. அந்த ஓசை விண்கலம்போல் இருக்க வேண்டுமா, காற்றுபோல் இருக்க வேண்டுமா என்பதை நிறுவனங்களின் ஒலி வடிவமைப்பாளர்கள் தீர்மானிக்கின்றனர். ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் ஹாரனும் நிறைந்த தமிழ்நாட்டுச் சாலையில் 56 டெசிபல் எந்த அலைவரிசையில் நுழைந்தால் செவியை எட்டும் என்பதற்கு, அந்தச் சாலையின் பதிவுகளும் நிறமாலைப் படங்களும்தான் விடை சொல்ல முடியும். அமைதியான ஐரோப்பியத் தெருவில் செம்மைப்படுத்திய ஓசையை அப்படியே இங்கு இறக்குவது அறிவியல் ஆகாது.

ஆலை ஓசையை இசையாகக் கேட்பதில் ஒரு நெறிச் சிக்கலும் உண்டு. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்திருக்கின்றன. ஓசையால் விளையும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றிருந்தது. ஓசை முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்வித்திறனை என்பதால், பேச்சின் மெய்யெழுத்துகள் மங்குவதற்கு முன் பாதிக்கப்பட்டவர் அதை உணர்வதே இல்லை. அரங்கில் அமர்ந்து பத்து நிமிடம் பிரஸ் ஓசையை ரசிப்பவரும், அதே ஓசையில் பத்தாண்டு நின்றவரும் கேட்பது ஒன்றல்ல. நோனோ இதை அறிந்திருந்தார். மென்பொருளின் வசதியில் இன்று பலர் மறந்துவிடுகின்றனர்.

ஓசைகள் ஆலைகளோடு வந்து ஆலைகளோடு போய்விடுபவை. ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலையிலிருந்து வெளியேறிய கைபேசிகளில் ஒலித்த, ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் படைப்பிலிருந்து எடுத்த அழைப்பிசையை உலகமே அறியும். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றபோது அந்த லைனின் ஓசையும் அன்றோடு நின்றது. பெட்ரோல் எஞ்சின் சோதனை ஓட்டத்தின் உறுமலும் மின்சாரக் கார்களின் வருகையால் இத்தடத்தில் படிப்படியாகக் குறையும். வான்கூவர் நகரின் ஒலிகளை 1970களின் தொடக்கத்தில் மரே ஷேஃபரின் குழு பதிவு செய்து 1973இல் வெளியிட்டதனால்தான், 1990களில் அதே இடங்களில் மீண்டும் பதிவு செய்து என்ன மாறியது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது.

இத்தகைய பணிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆடாசிட்டி, ஆர்டர், ப்யூர் டேட்டா ஆகிய மென்பொருள்கள் கட்டற்றவை. 48,000 மாதிரியும் 24 இருமக் குறியும் கொண்ட இருதடப் பதிவுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிகாபைட்டுக்குச் சற்றே மேல் இடம் போதும். எம்பி3 வடிவம் செவிக்குத் தேவையில்லை என்று தான் கருதும் ஒலிகளை வீசிவிடுவதால் ஆவணத்துக்கு உதவாது. வேவ் கோப்பாகவே வைக்க வேண்டும். ஆலைக்குள் பதிவுக் கருவிக்கு அனுமதி எளிதில் கிடைக்காது என்றாலும், ஷிப்டு மாறும் நேரத்துச் சாலையும், டீக்கடை வாசலும், துணைமின் நிலையத்தின் வேலியும், ஏரிக்கரையும் யாருக்கும் திறந்தே இருக்கின்றன. இத்தடத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகள் ஆண்டுக்கு இருமுறை, குறித்த சில இடங்களில், ஒரே கருவியைக் கொண்டு, நாள், நேரம், காற்றின் நிலை, மைக்கின் திசை ஆகியவற்றை எழுதிவைத்து முழு நாள் பதிவு ஒன்றை எடுத்து, உருமாற்றம் எதுவும் செய்யாத மூலக்கோப்பை நூலகத்தில் சேர்க்கும் வழக்கத்தை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.